குளத்தில் ‘என்ன ஊற்றலாம்?’

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘என்ன ஊற்றலாம்?’ என்றே முடிகின்றன. குளத்தின் நீள அகலத்தை எழுதியவர்கள் இரண்டே பேர். ஆழத்தை எழுதியவர் ஒருவர். அவரும் ‘இடுப்பளவு’ என்கிறார், யாருடைய இடுப்பு என்று சொல்லவில்லை. இருந்தாலும் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கே: எங்கள் குடியிருப்பு வளாகக் குளம் ஒரே பச்சையாகிவிட்டது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) எத்தனை கிலோ போட வேண்டும்?

ப: குளம் எவ்வளவு பெரியது என்றே சொல்லாமல் கிலோ கேட்டால் எப்படி? பரப்பை ஆழத்தால் பெருக்குங்கள். 1,000 சதுர மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் 1,500 கன மீட்டர், அதாவது 15 லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு 1 மி.கி. என்ற அளவுக்குக் கலக்க ஒன்றரைக் கிலோ போதும். சராசரி ஆழம் என்றேன். நடுவில் உள்ள ஆழத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மருந்து இரண்டு மடங்கு விழும்.

அதற்கும் முன்னால் காரத்தன்மையைச் சோதியுங்கள். பி.எச். வேறு, காரத்தன்மை வேறு: முன்னது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், பின்னது அமிலத்தைத் தாங்கும் திறன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லிட்டருக்கு எத்தனை மி.கி. காரத்தன்மையோ அதில் நூறில் ஒரு பங்குதான் மயில்துத்தத்தின் உத்தேச அளவு. காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் தொடவே தொடாதீர்கள். அப்படிப்பட்ட மென்னீரில் பாசியைக் கொல்லும் அளவும் மீனைக் கொல்லும் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த மருந்தானாலும் ஒரே நாளில் குளம் முழுக்கப் போடக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் போட்டு, 10 நாள் முதல் இரண்டு வாரம் பொறுத்து அடுத்த பங்கு. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத்தான் தின்னும். மயில்துத்தத்திலுள்ள தாமிரம் எங்கும் ஆவியாகிப் போகாது, அடிச்சேற்றில் படிந்துகொண்டே இருக்கும். மாதாமாதம் போடுகிற பொருள் அல்ல அது.

கே: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியா? தீனியைக் கூட்டலாமா?

ப: பசியல்ல, மூச்சுத் திணறல். தீனியை உடனே நிறுத்துங்கள், காற்றடிக்கும் கருவியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். பாசியும் களையும் பகலில் ஆக்சிஜன் தருகின்றன, இரவில் அவையே அதை இழுத்துக்கொள்கின்றன. அதனால் பொழுது விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 5 மி.கி. இருந்தால் கவலையில்லை. 2-க்கு இறங்கினால் மீன் செத்து மிதக்கும். மதியம் 3 மணிக்கு அளந்துவிட்டு ‘9 இருக்கிறது, அருமையான குளம்’ என்று எனக்கு எழுதாதீர்கள். விடியற்காலையில் அளக்காத கணக்கு எனக்கு வேண்டாம்.

கே: குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. படம் இணைத்துள்ளேன். வேரோடு போக வழி என்ன?

ப: படத்தில் இருப்பது வெங்காயத்தாமரை. காம்பு வெங்காயம் போல உப்பி, ஊதாப் பூ பூத்திருக்கிறதே! ஆகாயத்தாமரை என்று பழைய மருத்துவ நூல்கள் சொல்வது முட்டைக்கோஸ் மாதிரி இலை அடுக்கிய இன்னொரு செடி. இன்று எல்லோரும் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். நல்ல வேளையாக இரண்டும் மிதப்பவை, வாரி எடுத்துவிடலாம்.

ஆனால் பூக்கும் முன் வாருங்கள். விதை சேற்றில் விழுந்தால் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் செடி இரட்டிப்பாகிவிடும். பாதி வாரிவிட்டுப் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனால் மாதத்துக்குள் பழைய நிலைதான். வாரியதைக் கரையிலேயே குவிக்காதீர்கள், அழுகிய சாறு திரும்பக் குளத்துக்கே வரும். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் சரிவு வேறு பக்கம் இருக்கும் இடத்தில் இரண்டு நாள் காயவிட்டால் சுமை பாதிக்கும் கீழே குறையும். இதைத் தின்னும் கூன்வண்டுகள் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய்ப் பல நாடுகளில் விட்டிருக்கிறார்கள். பெரிய ஏரிகளில் சில ஆண்டுகள் பொறுத்தால் பலன் தெரியும். உங்கள் வளாகக் குளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஆட்களை இறக்குங்கள்.

கே: களை வெட்டும் இயந்திரம் வைத்து, நீருக்குள் வளரும் ஹைட்ரில்லாக் களையை வெட்டினோம். இரண்டே மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகிவிட்டதே?

ப: வெட்டவில்லை, நட்டிருக்கிறீர்கள். ஒரு கணு உள்ள துண்டு மிதந்து போய் இன்னொரு மூலையில் வேர் பிடிக்கும். சேற்றுக்குள் கிழங்குகளும் உண்டு, அவை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வெட்டுவதானால் சுற்றிலும் வலை கட்டி, ஒரு துண்டு விடாமல் அள்ள வேண்டும். புல்கெண்டை மீன் விடலாம், ஹைட்ரில்லா என்றால் அதற்கு உயிர். அரசு அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள், இனப்பெருக்கம் செய்ய முடியாத மும்மய வகையாகக் கேளுங்கள், நீர் வெளியேறும் வழியில் வலை போடுங்கள். அளவுக்கு மீறி விட்டால் மொத்தச் செடியையும் தின்றுவிட்டு, கழிவால் குளத்தைப் பாசிப் பச்சையாக்கிவிடும். தெளிந்த குளத்தில் களை, களையில்லாத குளத்தில் பச்சைத் தண்ணீர்: சத்து எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? வெங்காயத்தாமரையைத் தின்னுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நம்பாதீர்கள்.

கே: குளத்தைச் சுற்றிப் புல்வெளி போட்டு உரமிடுகிறோம். பாசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவர் சங்கக் கூட்டத்தில் வாதாடுகிறார். உண்மையா?

ப: அவரைச் சங்கத் தலைவராக்குங்கள்.

இதை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு ஒரு சோதனை செய்தது. ஏரி நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருக்கும். அந்த இடத்தில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைக் கஞ்சியாகிவிட்டது, மறுபக்கம் இயல்பாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, நம் சங்கங்களைத் தவிர.

உங்கள் உர மூட்டையையே எடுங்கள். 17:17:17 என்று அச்சிட்டிருந்தால் நடு எண் பாஸ்பேட்டைச் சொல்கிறது. 50 கிலோ மூட்டையில் எட்டரைக் கிலோ பாஸ்பேட், அதில் தனிப் பாஸ்பரஸ் சுமார் 3.7 கிலோ. ஒரு கிலோ பாஸ்பரஸ், ஈர எடையில் 500 கிலோ பாசியை வளர்க்கும் என்பது துறையில் புழங்கும் உத்தேசக் கணக்கு. மூட்டையில் பத்தில் ஒரு பங்கு மழையில் வழிந்தால்கூட 150 கிலோவுக்கு மேல் பாசி. அதைக் கொல்ல மருந்து வாங்குகிறீர்கள். ஒரு கையால் ஊட்டி, மறு கையால் கழுத்தை நெரிப்பது என்ன பராமரிப்பு?

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. மண்ணைச் சோதியுங்கள், பெரும்பாலும் பாஸ்பரஸ் ஏற்கனவே போதுமானது இருக்கும். நடு எண் பூஜ்யமாக உள்ள உரம் வாங்குங்கள். மழை வரப்போகும் நாளில் உரம் போடாதீர்கள். கரையோரம் மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல், கோரையும் சம்பும் வளர விடுங்கள். ‘அழகாக இருக்காது’ என்பார்கள். பச்சைக் கஞ்சி அழகாக இருக்கிறதா? வெட்டிய புல்லைக் குளத்தில் தள்ளும் தோட்டக்காரரையும், நாய்க்கழிவைக் கரையில் விட்டுப் போகும் குடித்தனக்காரரையும், வாத்துக்கு ரொட்டி போடும் பிள்ளைகளையும் சேர்த்தே பாருங்கள். கழிவுநீர்க் குழாய் எங்காவது கசிகிறதா என்பதையும். உள்ளே வருவதை அடைக்காதவருக்கு நான் எந்த மருந்தும் சொல்வதாக இல்லை.

கே: நடுவில் அழகான நீரூற்று இருக்கிறது. அது போதாதா?

ப: பார்க்கப் போதும். அது மேல்தண்ணீரைத்தான் கலக்கும். ஆழமான குளத்துக்கு அடியிலிருந்து குமிழிவிடும் கருவி வேண்டும். புதிதாக மாட்டியதும் 24 மணி நேரமும் ஓட்டிவிடாதீர்கள். அடியில் தேங்கிய ஆக்சிஜனில்லா நீர் ஒரேயடியாக மேலே வந்தால் மீன் சாகும். முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று இரட்டித்துக்கொண்டே போங்கள்.

கே: தண்ணீரில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு. எங்கள் நாய் அதைக் குடித்துவிட்டது.

ப: கடிதம் எழுதும் நேரமா இது? உடனே கால்நடை மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். இது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கல்லீரலையும் நரம்பையும் தாக்கும், நாய் மணிக்கணக்கில் சாகலாம். உடம்பில் ஒட்டியதை அது நக்கும் முன் கழுவிவிடுங்கள். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்: நூலாகத் தொங்கினால் இழைப்பாசி, பெயின்டாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை யாரும் இறங்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. இந்த நேரத்தில் மயில்துத்தம் போட்டால் செல்கள் உடைந்து மொத்த நஞ்சும் தண்ணீரில் கலக்கும்.

கே: சேற்றைத் தின்னும் பாக்டீரியாப் பொடி?

ப: சேற்றில் ஏற்கனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஆக்சிஜன், புது உறவினர்கள் அல்ல.

கே: படிகாரம் போட்டால் தெளியுமா?

ப: தெளியும், பாஸ்பரஸையும் பிடித்துக்கொண்டு அடியில் உட்காரும். ஆனால் பி.எச். இறங்கும். 6-க்குக் கீழே போனால் படிகாரத்திலுள்ள அலுமினியம் மீனுக்கு விஷம். முதலில் வாளியில் சோதியுங்கள், காரத்தன்மையை அளங்கள். குளத்தின் கொள்ளளவையும்தான், மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

கே: கொசு?

ப: களைப் பாய்க்குள் மீன் நுழைய முடியாததால்தான் கொசுப்புழு வளர்கிறது. ஓரத்துக் களையை விலக்கினால் மீனே பார்த்துக்கொள்ளும். கொசுப்புழுவைத் தின்னும் என்று கம்பூசியா மீனைக் கொண்டுவந்து விடாதீர்கள், உள்ளூர் மீன் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்னும்.

கே: நீலச் சாயம் கலந்தால் களை வளராது என்கிறார்களே?

ப: ஒரு மீட்டருக்கு மேல் ஆழமிருந்தால், களை முளைக்கும் முன்பே கலந்தால், அடியில் வளர்பவற்றுக்கு வெளிச்சம் குறையும். மிதக்கும் களைக்குச் சாயம் தெரியவே தெரியாது. ஒரு கனமழையில் குளம் வழிந்தால் சாயமும் போய்விடும். ‘இடுப்பளவு’ வாசகருக்கு: உங்கள் குளத்துக்கு வேண்டாம்.