டார்கெட் ஷூட்டிங்குக்கு என்ன நிறக் கண்ணாடி வாங்குவது? துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடி போட்டுத்தானே ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்?

கேள்வியில் வயதைச் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் நாற்பதைத் தாண்டியவர் என்று பந்தயம் கட்டுவேன். இருபது வயதுப் பையன் லென்ஸ் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான், அவனுக்குக் கண் ஒழுங்காக வேலை செய்கிறது. மஞ்சளா, ரோஸா, ப்ரவுனா என்று ராத்திரி உட்கார்ந்து தேடுகிறவன், பிஸ்டலின் ஃப்ரண்ட் சைட் (குழல் நுனியில் நிற்கும் குறிமுனை) ஓரம் நனைந்த காகிதத்தில் போட்ட இங்க் மாதிரி ஊற ஆரம்பித்தவனாகத்தான் இருப்பான். எனக்கு அது 43 வயதில் ஆரம்பித்தது. ஒத்துக்கொள்ள இரண்டு வருஷமும், திருப்பிக் கொடுக்க முடியாத ஒரு லென்ஸும் செலவானது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோச் இல்லை, கண் டாக்டரும் இல்லை. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், சனி ஞாயிறு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். மாநிலப் போட்டியில் கலந்துகொண்டதுண்டு, மேடை ஏறியதில்லை. "நான் பத்து வருஷமா மஞ்சள்தான் போடறேன், நல்லாத்தான் இருக்கு" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கண், உங்கள் காசு.

நீங்களும் என்னைப் போல உள்ளரங்கில் 10 மீட்டர் சுடுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் நிறம் கடைசி. முதலில் லென்ஸின் பவர். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். பிஸ்டல்காரனுக்கோ பார்க்க மூன்று இருக்கிறது: ரியர் சைட் (கண் பக்கம் உள்ள பள்ளம்), ஃப்ரண்ட் சைட், பத்து மீட்டர் தள்ளி டார்கெட். மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரியாது, எந்தக் கம்பெனி லென்ஸ் போட்டாலும் தெரியாது. அதனால்தான் சேர்ந்த முதல் நாளே கோச் சொல்லிவிடுவார்: டார்கெட்டின் கறுப்பு மங்கலாக இருக்கட்டும், ஃப்ரண்ட் சைட் கத்தி மாதிரி இருக்கணும். அந்தக் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., அதற்குள் பத்து வாங்க வேண்டிய வட்டம் 11.5 மி.மீ. கறுப்பு கொஞ்சம் மங்கினாலும் அதன் நடுவைக் கண் தானாகக் கண்டுபிடித்துவிடும். ஃப்ரண்ட் சைட் மங்கினால் அது ரியர் சைட் பள்ளத்தில் எவ்வளவு ஏறி இறங்கி நிற்கிறது என்றே தெரியாது. அங்கே அரை மி.மீ. பிசகினால் டார்கெட்டில் மற்றதெல்லாம் வீண்.

என் கதைக்கு வருகிறேன். 60 ஷாட்டுக்கு, அதாவது 600க்கு, 552 எடுத்துக்கொண்டிருந்தவன் மெல்ல மெல்ல 530க்கு இறங்கினேன். டிரிகரைக் குறை சொன்னேன். பிடியை ரம்பத்தால் ராவி, மறுபடி புட்டி வைத்துப் பூசி, மறுபடி ராவினேன். பெல்லட்டை (ஈயக் குண்டை) மாற்றினேன். அப்போதுதான் ரேஞ்சில் (சுடும் அரங்கில்) ஒரு பெரியவர், "தம்பி, மஞ்சப் போடு. எல்லாம் பளிச்சுனு ஆயிரும்" என்றார். க்னோப்லோக், சாம்பியன் என்று ரேஞ்சில் அடிபடும் ஷூட்டிங் கண்ணாடிக் கம்பெனிப் பெயர்களெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் பழக்கமாயின. ஒற்றைக் கண்ணுக்கு வட்ட லென்ஸ், கிளிப், திருகு எல்லாம் உள்ள ஃப்ரேம் ஒன்றை, 37 மி.மீ. மஞ்சள் லென்ஸோடு வரவழைத்தேன். பவர் இல்லாத வெறும் மஞ்சள். கஸ்டம்ஸ் கட்டியதையும் சேர்த்து என்ன ஆனது என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பதிலை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இங்கேயும் தொகையைப் போடவில்லை.

முதல் நாள் பிரமாதம். அட்டை எலுமிச்சை சாதம் மாதிரி மஞ்சளாக, கறுப்பு நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. முதல் சீரிஸ் (பத்து ஷாட்) 94. வாட்ஸ்அப் குழுவில் படமெல்லாம் போட்டேன். இரண்டே வாரத்தில் பழைய 530.

மஞ்சள் ஏன் அப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது நீல வெளிச்சத்தைத் தடுக்கிறது. வெளியில் லேசான புகைமூட்டத்தில் அதிகம் சிதறுவது நீலம்தான். கண்ணுக்குள்ளும் நீலம் மற்ற நிறங்களைவிடச் சற்று முன்னால் குவியும். அதைக் கழித்தால் ஓரங்கள் எடுப்பாகத் தெரியும். வெளியில், மந்தாரமான நாளில் 50 மீட்டர் சுடுகிறவருக்கு இது உதவும். ட்யூப் லைட் போட்ட ஹாலில் பத்து மீட்டருக்குள் என்ன புகைமூட்டம் இருக்கிறது? வெளிச்சத்தில் ஒரு பங்கை இழந்ததுதான் மிச்சம். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும், விரிந்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்த ஃப்ரண்ட் சைட்டை நான் காசு கொடுத்து இன்னும் மங்க வைத்திருக்கிறேன்.

இதே மஞ்சளைத்தான் இப்போது "நைட் டிரைவிங் கண்ணாடி" என்று சிக்னலில் விற்கிறார்கள். இரவில் கண்ணுக்கு வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வடிகட்டிவிட்டு எதை ஓட்டுவது? ஆனால் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி அவிநாசி ரோட்டில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள். எதிரே வருகிற ஒவ்வொருவனும் வெள்ளை எல்.இ.டி.யை ஹை பீமில் வைத்துக்கொண்டுதான் வருகிறான். டிம் பண்ணுங்க என்று நாம் லைட் அடித்துக் காட்டினால், அவன் கூரையில் இன்னும் இரண்டு விளக்கு போடுகிறான். பம்பருக்குக் கீழே நாலு, கண்ணாடிப் பக்கம் இரண்டு, கல்யாண மண்டபம் மாதிரி. ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க முக்குக்கு முக்கு ஆள் நிற்கிறது, இதைக் கேட்க ஒருவரும் இல்லை. போன மாதம் என் பட்டறைப் பையன் ஒருவன் இப்படிக் கண் கூசித்தான் நடுத்திட்டில் ஏறி விழுந்தான். சரி, இது வேறு பஞ்சாயத்து.

கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனது செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்ததால்தான். "ஏனுங்க, இன்னும் நீட்டறதுக்குக் கை பத்தாதுங்க" என்று வீட்டம்மா சொன்னாள். வெள்ளெழுத்து. அப்பாவுக்கு வந்தபோது சிரித்தவன் நான்.

பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனால் மறுநாள் செய்தியில் வருவேன். அதனால் பட்டறையில் ஒரு மரச்சட்டத்தை எடுத்து, கை நீட்டினால் கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் எங்கே நிற்குமோ, 90 செ.மீ., அதே அளவு வருகிற மாதிரி அறுத்தேன். நுனியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை 4.5 மி.மீ. அகலத்துக்கு வெட்டி நிமிர்த்தி ஒட்டினேன். என் ஃப்ரண்ட் சைட்டின் அகலம் அதுதான். கண் பரிசோதிக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்றாள். சொன்னேன். சிரிக்கவில்லை. "சுகர் இருக்குங்களா?" என்றாள். இருக்கிறது. "கட்டுல இருக்கா? சுகர் ஏறி இறங்கினா நம்பரும் கூட மாறும். இன்னைக்குப் பார்த்து லென்ஸ் போட்டீங்கன்னா அடுத்த மாசம் வந்து என்னைத் திட்டுவீங்க." ஆறு வாரம் கழித்து வரச் சொன்னாள். ரேஞ்சில் பத்து வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி.

ஆறு வாரம் கழித்து, சோறு குறைத்து, அதே சட்டத்தோடு போனேன். அவள் ஒரு தாளில் கணக்கு போட்டுக் காட்டினாள். 90 செ.மீ. தூரத்தைப் பிடிக்கக் கண்ணுக்குச் சுமார் 1.1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) வேண்டும். 10 மீட்டருக்கு 0.1 போதும். இரண்டுக்கும் நடுவில் 0.6. லென்ஸ் கால் கால் டயாப்டராகத்தான் கிடைக்கும், ஆகவே தூரப் பார்வை நம்பரோடு +0.50 அல்லது +0.75 கூட்ட வேண்டும். என் தூர நம்பர் -1.50. சோதனை ஃப்ரேமில் முதலில் +0.50 சேர்த்துப் போட்டாள். சட்டத்தை நீட்டினேன், சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் ஒரு கறுப்பு எழுத்துக்குக் கீழே டேப்பை வைத்தேன். சுமார். +0.75 போட்டதும் டேப்பின் மேல் ஓரம் பிளேடால் வெட்டியது மாதிரி நின்றது. வெட்டும்போது கத்திரியில் விழுந்த சின்னப் பிசிறுகூடத் தெரிந்தது. எழுத்து லேசாக மங்கியது, ஆனால் எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. +1.00 போட்டால் எழுத்து பஞ்சு மிட்டாய். ஆக -0.75 என்று எழுதிக் கொடுத்தாள். நிறமில்லாத லென்ஸ், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சோடு. மஞ்சளுக்கு நான் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. இப்போது 545 பக்கம் நிற்கிறேன். பழைய 552 வரவில்லை. அதற்குக் கண்ணைக் காரணம் சொல்ல முடியாது.

வீட்டில் போடுகிற, ஒரே லென்ஸில் மேலிருந்து கீழே நம்பர் மாறிக்கொண்டே வரும் ப்ரொக்ரெசிவ் கண்ணாடியோடு சுடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதில் எந்த நம்பர் வழியாகப் பார்க்கிறோம் என்பது தாடையை எவ்வளவு தூக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஷாட்டுக்கு ஷாட் தலை அரை அங்குலம் மாறினால் போயிற்று. தனி ஃப்ரேமின் பலனும் இங்கேதான். பக்கவாட்டில் நின்று தலையைத் திருப்பும்போது சாதாரணக் கண்ணாடியில் மூக்கோரம் வழியாகப் பார்ப்போம். ஷூட்டிங் ஃப்ரேமில் லென்ஸைத் திருப்பி, பார்வைக் கோட்டுக்கு நேராக, நடு மையத்தில் நிறுத்தலாம். ரைஃபிள்காரர்களுக்கு இது இன்னும் அவசியம், கன்னம் கட்டையில் சாய்ந்துதானே இருக்கும். அவர்கள் ரியர் சைட்டிலேயே லென்ஸ் பொருத்திக்கொள்ள விதி இடம் தருகிறது. பிஸ்டலில் பொருத்தக் கூடாது, முகத்தில்தான் போட வேண்டும்.

தென்கொரியாவின் பிஸ்டல் வீராங்கனை கிம் யேஜி பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டிருந்த ரோபோ மாதிரிக் கண்ணாடியும் இந்த வகைதான். அதிலுள்ள ஐரிஸ் என்பது சுருக்கி விரிக்கக்கூடிய ஓட்டை, அவ்வளவே. கண்ணாடி மறந்த நாளில் விரலைக் குவித்துச் சின்ன இடுக்கு வழியாக பஸ் நம்பரைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வேலை. ஆனால் ஓட்டை சின்னதானால் இருட்டாகும். டார்கெட்டில் 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்கிற அரங்கில் சரி. ஒரு மாதமாக ட்யூப் லைட் மினுக்கிக்கொண்டிருக்கிற ரேஞ்சில் ஐரிஸ் வாங்கிப் பயனில்லை.

மறு கண்ணை மூடாதீர்கள், மறையுங்கள். கறுப்பு வேண்டாம், அது குறி பார்க்கும் கண்ணின் மணியையும் சேர்த்து விரிக்கும். வெளிச்சம் கசிகிற வெள்ளை நல்லது. என்னுடையது தயிர் டப்பா மூடியில் வெட்டியது. விதிப்படி அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு போட்டியில் சோதனை மேசையில் ஸ்கேல் வைத்தார்கள், 34. நாள் முழுக்க வெர்னியர் அளவுகோலோடு திரிகிறவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். அங்கேயே பிளேடு கடன் வாங்கி வெட்டினேன்.

துருக்கிக்காரர் விஷயம். யூசுஃப் டிகெச் 2024 பாரிஸில் கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார், அதே போட்டியில் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம். படத்தைப் பார்த்துவிட்டு "ஒரு கருவியும் இல்லாமல் ஜெயித்தார்" என்று பகிர்ந்தவர்கள், அவர் கண்ணாடி போட்டிருந்ததையும் காதில் அடைப்பான் வைத்திருந்ததையும் பார்க்கவில்லை. 51 வயது, 2008 பெய்ஜிங்கில் தொடங்கி அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். இரண்டு கண்ணையும் திறந்து சுடப் பழகியவர். அவரைப் பார்த்து ஃப்ரேமை விட்டுவிடலாம் என்றால், அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

நிறம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ட்ராப், ஸ்கீட் என்று பறக்கும் தட்டைச் சுடுகிற போட்டிகள். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸில் சுட்டாரே, அது. 110 மி.மீ. தட்டு, பெரும்பாலும் ஆரஞ்சு, வானத்திலோ மரங்களுக்கு எதிரிலோ பறக்கும். பின்னால் பச்சை என்றால் ஊதா, சிவப்புக் கலந்த லென்ஸ் பச்சையை அடக்கி ஆரஞ்சை எடுத்துக் காட்டும். கொளுத்தும் வெயிலுக்கு ப்ரவுன் அல்லது சாம்பல், மந்தாரத்துக்கு மஞ்சள். அவர்கள் இரண்டு மூன்று லென்ஸ் வைத்துக்கொண்டு மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. வெளிச்சக் கூச்சத்தை வடிகட்டுகிற போலரைஸ்டு லென்ஸ் மட்டும் ரேஞ்சுக்கு வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு எலக்ட்ரானிக் டார்கெட் மானிட்டரைப் பார்த்து, "ஸ்கிரீன் போயிருச்சு" என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டவன் நான். அவர் என் தலையை நேராக நிமிர்த்திவிட்டுப் போனார்.

எந்த லென்ஸ் எடுத்தாலும் பழைய கண்ணாடிச் சில்லு வேண்டாம், பாலிகார்பனேட் கேளுங்கள். ஈய பெல்லட் இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்பி வரும். என் பக்கத்து லேனில் ஒருவருக்குச் சட்டைப் பையில் வந்து விழுந்திருக்கிறது.

அந்த 37 மி.மீ. மஞ்சள் லென்ஸ் பெட்டியோடு இன்னும் டிராயரில் இருக்கிறது. இரண்டு வாரம்தான் போட்டது, கீறல் இல்லை. வெளியில் 25, 50 மீட்டர் சுடுகிற கோயம்புத்தூர்க்காரர் யாருக்காவது வேண்டுமானால் கீழே சொல்லுங்கள். விலை பேசிக்கொள்ளலாம், வீட்டுக்கு மட்டும் போன் செய்ய வேண்டாம்.