பதற்றத்துக்கான மாத்திரை போட்டால் ஏன் தூக்கமும் வருகிறது?

கேட்டவர் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார். பதற்றத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், தூக்கம் வராமல் பதற்றம் மட்டும் குறையாதா என்று. அது டயசெபாம், அல்பிரசோலம் வகை மாத்திரை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, எம்.பார்ம் படித்தபோது மாதக்கணக்கில் சுண்டெலிகளுக்கு டயசெபாம் ஊசி போட்டுவிட்டு அவற்றின் காலடியை எண்ணியவன்.

பிளஸ் மேஸ் என்று ஒரு மரச் சாதனம். கூட்டல் குறி மாதிரி நான்கு பாதைகள், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிற்கும். இரண்டு பாதைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்க்க வேண்டும். மருந்து போடாத எலி பெரும்பாலும் சுவர்களுக்கு நடுவில்தான் பதுங்கும். வெளியே போகவும் ஆசை, பயமும் விடாது. பின்னங்கால்களை உள்ளேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர் மாதிரி நீட்டி, மீசை துடிக்க எட்டிப் பார்க்கும்; சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கு காலும் வெளியே வந்தால்தான் நோட்டில் ஒரு கோடு. டயசெபாம் ஏறிய எலியோ பாதையின் விளிம்பு வரை போய்த் தலையைத் தொங்கப்போட்டு வேடிக்கை பார்க்கும்.

ஒரு நாள் மருந்தை நீர்க்க வைப்பதில் ஒரு படியை விட்டுவிட்டேன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 10 போய்விட்டது. எலி நடுவிலேயே உட்கார்ந்து, பிறகு மெல்லச் சாய்ந்துவிட்டது. நோட்டில் திறந்த பாதைக்குப் போன எண்ணிக்கை பூஜ்யம். வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் அன்றைக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயந்த எலி! உண்மையில் அது பாதித் தூக்கத்தில் இருந்தது. அமைதியும் மந்தமும் ஒரே மருந்தில் கலந்திருப்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

இதைப் பிரித்துக் காட்டியவர்கள் சூரிச் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் மோலரும் ஊவே ருடால்ஃபும். டயசெபாம் வேலியம் என்ற பெயரில் 1963-லேயே கடைக்கு வந்துவிட்டது, ஆனால் அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1977-ல்தான் தெரிந்தது. டென்மார்க்கில் ஒரு குழுவும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மோலரும் ஒகாடாவும் அதே ஆண்டில் அந்த ஏற்பியை, அதாவது செல்லின் மேல் மருந்து ஒட்டும் புரதத்தை, கண்டார்கள். அது காபா ஏற்பி. காபா நரம்புச் செல்லை அடக்கி வைக்கும் ரசாயனம். அது ஒட்டினால் ஏற்பியின் நடுவிலுள்ள வழி திறந்து குளோரைடு உள்ளே போகும், செல் அடங்கும். மாத்திரை தானாக அந்த வழியைத் திறப்பதில்லை, காபா செய்வதற்குக் கூடுதல் பலம் தருகிறது, அவ்வளவுதான்.

அந்த ஏற்பி ஐந்து துண்டுகள் சேர்ந்தது. அதில் ஆல்ஃபா என்ற துண்டிலேயே பல ரகம். டயசெபாம் ஒட்டுவதற்கு அதில் குறிப்பிட்ட இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். சூரிச் குழு எலியின் மரபணுவைத் திருத்தி, ஆல்ஃபா-1இல் மட்டும் அந்த ஒரு ஹிஸ்டிடினை ஆர்ஜினினாக மாற்றியது. காபா வழக்கம்போல் வேலை செய்யும், டயசெபாம் மட்டும் அங்கே ஒட்டாது. 1999-ல் வந்த முடிவு: இந்த எலிகளுக்கு டயசெபாம் கொடுத்தால் மந்தம் வரவில்லை, ஆனால் பயம் குறைந்தது. அடுத்த ஆண்டு ஆல்ஃபா-2இல் அதே மாற்றம் செய்தார்கள். பயம் குறைவதே நின்றுபோனது. ஆக, மந்தம் ஆல்ஃபா-1 வழி, அமைதி ஆல்ஃபா-2 வழி. ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி இதைச் சொன்னார்களே, அதுதான் எனக்கு இன்றும் பிரமிப்பு.

சரி, அப்படியானால் ஆல்ஃபா-1ஐத் தொடாத மாத்திரை செய்துவிடலாமே? முயன்றார்கள். மெர்க் நிறுவனத்தின் எம்ஆர்கே-409 விலங்குகளில் மந்தம் தராமல் பதற்றத்தைக் குறைத்தது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது குறைந்த அளவிலேயே தூக்கம் சொக்கியது. எலியிடம் சுத்தமாகப் பிரிந்தது மனிதரிடம் அவ்வளவு சுலபமாகப் பிரியவில்லை.

அதனால் உங்கள் அம்மாவின் மாத்திரையில் இப்போதைக்கு இரண்டும் சேர்ந்தே வரும். பகல் தூக்கத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். வயதானவர்கள் தடுமாறி விழும் ஆபத்து இதில் உண்டு. அளவைக் குறைக்கலாம், அல்லது செரோட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் வழியில் வேலை செய்யும் வேறு மருந்துக்கு மாற்றலாம். அதற்குப் பலன் தெரிய சில வாரம் ஆகும். நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம்.