நமீபியாவின் வால்

கேள்வி: வரைபடத்தில் நமீபியாவின் வடகிழக்கு மூலை வால்போல நீண்டிருப்பது ஏன்? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: 1890இல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட ஹெலிகோலாந்து–சான்சிபார் ஒப்பந்தத்தின் மிச்சம் அது. தன் தென்மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்றத்திலிருந்து (இன்றைய நமீபியா) சாம்பேசி ஆற்றை எட்ட விரும்பிய ஜெர்மனிக்கு, எவ்விடத்திலும் 20 மைலுக்குக் குறையாத அகலத்தில் அந்த நிலத்துண்டு கிடைத்தது. ஆற்றுவழியே இந்தியப் பெருங்கடலை அடையலாம் என்ற கணக்கு, விக்டோரியா அருவி குறுக்கே நிற்க, தாமிரபரணியில் பாணதீர்த்த அருவிக்கு மேலே படகை இறக்கி, ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் போக நினைத்த கதைதான்.

வம்பு அத்தோடு ஓயவில்லை. அந்த நிலத்துண்டின் தெற்கே ஓடும் சோபே ஆற்றின் முதன்மை ஓடையின் நடுவே எல்லை என்று ஒப்பந்தம் எழுதிவைத்ததால், ஆறு இரு கிளையாகச் சுற்றியோடும் கசிகிலி என்ற தீவுக்கு (போட்ஸ்வானாவில் செடுடு என்பார்கள்) நமீபியாவும் போட்ஸ்வானாவும் வழக்காடின. சுமார் 3.5 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் ஆண்டில் சில மாதங்கள் வெள்ளத்தில் கிடக்கும். 1999இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், வடக்குக் கிளையே முதன்மை ஓடை என்று கூறித் தீவைப் போட்ஸ்வானாவுக்கு அளித்தது.