தலைவலியை மறைக்காதீர்கள், தங்கையே

கேள்வி: எனக்கு 39 வயது. தபால் துறையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். அரை மாரத்தான் மூன்று முறை முடித்திருக்கிறேன். பருவதமலைக்கு ஆண்டுதோறும் போய் வருகிறேன். வரும் ஆகஸ்டில் லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்து சென்று, காங் யாட்சே 2 என்ற பனிச்சிகரத்தில் ஏற எங்கள் ஓட்டக் குழுவினர் ஏழு பேர் திட்டமிட்டிருக்கிறோம். லேயில் இறங்குவதிலிருந்து திரும்புவது வரை ஒன்பது நாள். உடன் வருவது ஒரு வழிகாட்டி. பனியில் நான் இதுவரை கால் வைத்ததே இல்லை. ஆனாலும் என் பயம் வேறு. எனக்கு உடம்புக்கு முடியாமல் போய், என்னால் மற்ற ஆறு பேரின் பயணமும் கெட்டுவிடுமோ என்று தூக்கம் வருவதில்லை. போகலாமா?
பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு, போகலாம். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள்.

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயம்தான் மலையில் ஆளைக் கொல்லும். பல ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளத்தாக்கில் எங்களோடு ஒருவர் வந்தார். குழுவிலேயே வேகமாக நடப்பவர் அவர்தான். நீமாலிங் புல்வெளியில் கூடாரம் போட்ட அன்று இரவு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பசியில்லை என்று படுத்துவிட்டார். காலையில் வெளியே உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கட்டிக்கொண்டே இருந்தார். அருகில் போய்ப் பார்த்தால் இரண்டு முனைகளையும் விரல்களுக்கிடையில் பிடித்தபடி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறார். எழுந்து நடக்கச் சொன்னோம். குடித்தவரைப் போலத் தள்ளாடினார். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கியதன் அடையாளம் அது. அந்த நிமிடமே இருவர் தாங்கிப் பிடித்துக் கீழே ஹாங்கர் கிராமம் வரை இறக்கினோம். கீழே வந்த பிறகுதான் தெளிந்தார். தலைவலி மார்க்கா கிராமத்திலேயே, இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டதாம். "உங்களுக்கு எதற்குத் தொல்லை என்று சொல்லவில்லை" என்றார். அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் ஓய்வோடு முடிந்திருக்கும்.

ஆகவே லேயிலேயே ஏழு பேரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தினமும் மாலைத் தேநீரின்போது ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, நேற்று தூங்கினீர்களா, நடக்கும்போது தலை சுற்றியதா. தலைவலி இருந்தால் அது போகும் வரை ஒரு படி கூட மேலே போகக் கூடாது. கூடினால் கீழே இறங்க வேண்டும், நள்ளிரவானாலும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலும், நேர்க்கோட்டில் குதிகாலோடு விரல் சேர்த்து நடக்க முடியாவிட்டாலும் விவாதமே வேண்டாம், இறக்கிவிடுங்கள். இறங்குபவரைத் தனியே அனுப்பவும் கூடாது. இதனால்தான் ஏழு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பதை நான் ஏற்கவில்லை. அவர் ஒருவரோடு இறங்கிவிட்டால் மிச்ச ஆறு பேர் பனிச்சரிவில் யாரை நம்பி நிற்பது? குறைந்தது இரண்டு பேர் வேண்டும், மூவர் என்றால் நிம்மதி. பயணத்தை நடத்துபவரிடம் இன்றே கேளுங்கள். சிகரத்துக்கு உரிய அனுமதி வாங்கியாயிற்றா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி நாள் கணக்கு. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லே விமான நிலையம் அதைவிட 500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கும் அந்த நொடியில், நீங்கள் வாழ்நாளில் ஏறியிராத உயரத்தில் நிற்பீர்கள். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. உங்கள் சிகரம் சுமார் 6,250 மீட்டர். நீங்கள் ஓடிப் பழகிய கால்களும் இதயமும் ஏறுவதற்கு உதவும். மேலே காற்று குறைவதால் வரும் உயர நோயை அவை தடுப்பதில்லை. ஓடுபவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே மாட்டிக்கொள்வதும் உண்டு. உயரத்துக்குப் போனதும் முதலில் மூச்சு வேகமாகும். அதனால் இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்; பணத்தாலோ பயிற்சியாலோ அந்த நாளைக் குறைக்க முடியாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. உங்கள் திட்டமோ மார்க்கா கிராமத்திலிருந்து நீமாலிங்குக்கு ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றுகிறது. போதாததற்கு, இறங்கிய இரண்டாம் நாளே 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார்துங் லா கணவாய்க்குச் சுற்றுலா வேறு! அதை அடித்துவிடுங்கள்.

நான் போட்டுத் தரும் கணக்கு பதினான்கு நாள். லேயில் மூன்று இரவு. முதல் நாள் அறையை விட்டு நகர வேண்டாம். பிறகு ஸ்கியூ, மார்க்கா, தாச்சுங்ட்சே என்று ஒவ்வோர் இரவு. நீமாலிங்கில் இரண்டு இரவு. இடைப்பட்ட பகலில் கோங்மாரு லா கணவாயை நோக்கி மெதுவாக ஏறிவிட்டு, தூங்குவதற்குத் திரும்பிவிடுங்கள். கோடையில் ஆடுகளையும் யாக்குகளையும் மேயவிடும் இடம் அது. மர்மோட் என்னும் பருத்த அணில் இன விலங்குகள் வளை வாசலில் நின்று உங்களைப் பார்த்துச் சீட்டியடிக்கும். ஒரு நாள் முழுவதும் அங்கே சும்மா இருப்பதே சுகம். அடுத்து அடிவார முகாம். மறுநாள் பகலில் பனியில் பயிற்சி. அன்று நள்ளிரவு ஏற்றம். வானிலை கெட்டால் கைகொடுக்க ஒரு உபரி நாள். பிறகு கோங்மாரு லா தாண்டி ஷாங் சும்டோ, அங்கிருந்து வண்டியில் லே.

அந்தப் பயிற்சி நாளைத்தான் பல குழுக்கள் மிச்சம் பிடிக்கின்றன. பனியை முதன்முதலாக நள்ளிரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில் சந்திக்காதீர்கள். காலணியில் இரும்புப் பற்களான கிராம்பானைப் பூட்டி நடந்து பழகுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பனிக்கோடரியைக் கையில் பிடித்து, அடியில் பாறையில்லாத சிறு சரிவில் வேண்டுமென்றே சறுக்கி விழுந்து பழகுங்கள். விழுந்ததும் குப்புறத் திரும்பி, கோடரியின் அலகைப் பனியில் குத்தி, தோளின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட வேண்டும். ஏற்றத்தின்போது காலில் கிராம்பானோடு விழுந்தால் முழங்காலை மடித்துப் பாதங்களை உயர்த்திவிடுங்கள். பற்கள் பனியில் மாட்டினால் உங்களைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். இருபது முறையாவது விழுங்கள். கை தானாகச் செய்யும் வரை செய்யுங்கள். கிராம்பான் பட்டையைக் கையுறையோடு கட்டப் பொள்ளாச்சியிலேயே பழகலாம். அந்தக் குளிரில் ஒரு முறை நான் கையுறையைக் கழற்றிக் கட்டினேன்; இரும்பைத் தொட்ட விரல் நுனிகள் பல நாள் மரத்துக் கிடந்தன.

நள்ளிரவில் ஏன் கிளம்ப வேண்டும் என்று குழுவில் யாராவது முணுமுணுப்பார்கள். இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும். கிராம்பான் நறுக்கென்று பிடிக்கும். வெயில் ஏறினால் அது சேறாகிக் காலடியில் உருண்டையாக அப்பிக்கொள்ளும், மேலிருந்து கற்களும் உருளும். திரும்பும் நேரத்தை முகாமிலேயே வழிகாட்டி சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் வந்ததும், உச்சி கண்ணெதிரே ஐம்பது மீட்டரில் இருந்தாலும் திரும்ப வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்து உறைவதால் மூடிப் பக்கம் அடைபடாது. கறுப்புக் கண்ணாடியை மறந்தால் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.

பெண்ணாக இன்னொன்று. குளிரில் கூடாரத்தை விட்டு எழுந்து போகச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உயரத்தில் சிறுநீர் அடிக்கடி போவது உடம்பு பழகுகிறது என்பதற்கு நல்ல அறிகுறி. உயர நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை கூடவே கூடாது.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். பள்ளத்தாக்குக்குள் போய்விட்டால் அதுவும் பெரும்பாலும் எட்டாது. பத்து நாள் பேச்சே இருக்காது என்று வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். குப்பையை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். அருகிலுள்ள ஸ்டோக் காங்ரியில் கூட்டம் பெருகி, கீழே உள்ள கிராமத்தின் குடிநீர் கெட ஆரம்பித்ததால் அந்தச் சிகரத்தை 2020இல் மூடினார்கள். மார்க்காவில் உங்களுக்கு "ஜுலே" என்று வணக்கம் சொல்லிச் சோறு போடும் வீடுகளும் இந்தப் பனி உருகி வரும் நீரைத்தான் குடிக்கின்றன.

விமான டிக்கெட்டை இன்னும் வாங்காமல் இருந்தால் நல்லது. முதலில் பதினான்கு நாள் விடுப்பு கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காது, பத்துப் பதினொரு நாள்தான் என்றால் சிகரத்தை இந்த ஆண்டு விட்டுவிட்டு, தாச்சுங்ட்சேயில் தங்கி நீமாலிங் வரை நிதானமாக நடந்து, கோங்மாரு லாவைத் தாண்டி வாருங்கள். கணவாயின் உச்சியே சுமார் 5,200 மீட்டர். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் காங் யாட்சே முழுதாகத் தெரியும். அடுத்த ஆண்டு உத்தரகாசியிலோ மணாலியிலோ உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு அதற்கு வரலாம்.