பார்சலில் வரும் உறைந்த கறி: வாங்கலாமா?

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, மீன் விலை ஏறிவிடுகிறது. வெளியூரிலிருந்து பெட்டியில் வரும் உறைந்த கறியை வாங்கலாமா? காசுக்குத் தகுமா?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: ஆட்டுக்கறிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். காலையில் கண்ணெதிரே வெட்டித் தரும் கறிக்கடை பக்கத்தில் இருக்கும்போது, பெட்டிக்கும் கூரியருக்கும் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்? அக்கம்பக்கத்தில் கிடைக்காத ஏதாவது வேண்டுமென்றால் சரி, நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள், அனுப்பும் செலவு பிரிந்துவிடும்.

உறைந்த கறி மட்டம் என்று நான் சொல்லவில்லை. வேகமாக உறையவைத்து மைனஸ் 18 டிகிரியிலேயே வைத்திருந்தால் நன்றாகவே இருக்கும். மெதுவாக உறைந்தால்தான் பெரிய ஐஸ் படிகங்கள் சதையைக் கிழித்து, உருகும்போது சாறெல்லாம் வடிந்து கறி சக்கையாகிறது. நம் ஊர் மே மாத வெயிலில், வண்டியில் ஒரு நாள் தாமதமானாலே அந்தக் குளிர் நிற்காது, எனக்குப் பெரிய கவலை அதுதான். பார்சல் வந்ததும் பிரித்துத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். பைக்குள் சிவப்பு நீர் உறைந்து கிடந்தால் நடுவில் ஒருமுறை உருகியிருக்கலாம், திருப்பி அனுப்புங்கள். குளிருக்காக உலர்பனி (டிரை ஐஸ், உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம், இறால் வாங்கினால் மேலே பூசிய ஐஸைக் கழித்த எடையைக் கேளுங்கள். சமைக்கும் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள், வெளியே வைக்க வேண்டாம்.