தை மாதக் காலையில் பழவேற்காட்டில் கடல்மேல் மட்டும் மேகம் நிற்பது ஏன்?

கேள்வி: மார்கழி, தையில் விடியற்காலை பழவேற்காட்டுக் கரையில் நின்றால் கடல்மேல் மேகம் மதில் கட்டியதுபோல் தெரிகிறது; ஊருக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. மதியம் பார்த்தால் மேகம் மேற்கே, கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டைப் பக்கம் நிற்கிறது. நடுவில் ஊரைத் தாண்டியது எப்போது?

பதில்: தாண்டவே இல்லை. காலையில் பார்த்த மேகம் கடலிலேயே கரைந்துபோனது. மதியம் தெரிவது வேறு மேகம்.

மேகத்துக்கு மூன்று வேண்டும்: ஈரம், ஈரம் ஒட்டிக்கொள்ள நுண்துகள், காற்றை மேலே தூக்க ஏதாவது ஒன்று. கடலையும் ஏரியையும் வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஊரில் முதல் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அலை உடையும்போது தெறிக்கும் உப்பே துகள். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே உப்பு நீரை இழுக்க ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காற்றைத் தூக்குவது யார்?

தை மாத இரவில் தரை 20, 21 டிகிரிக்கு இறங்கும். கடல்நீர் 26 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். குளிர்ந்த கரைக்காற்று தரையிலிருந்து கடலுக்குள் மெதுவாக நகரும். எதிரே வடகிழக்கிலிருந்து வாடை வந்துகொண்டிருக்கும். இரண்டும் முட்டும் இடத்தில் போக வழியில்லாமல் காற்று மேலே ஏறுகிறது. அந்த முட்டுக்கோடு ஏறக்குறைய கரைக்கு இணையாகக் கிடப்பதால் மேகமும் வரிசையாக நிற்கிறது. வெயில் ஏறினால் தரை சூடாகி, கரைக்காற்று நின்றுவிடும். முட்டு போனால் வரிசையும் கலையும். அதன்பின் கடற்காற்று உள்ளே புகுந்து, சூடான தரைக்காற்றை அதன் முன்விளிம்பில் தூக்குகிறது. மதிய மேகம் அங்கே பிறப்பது. கடற்காற்றின் கீழே இருக்கும் ஊருக்கு வெறும் வானம்தான்.

ஏறும் காற்று ஏன் மேகமாகிறது? மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிந்து, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 30 கிராம் நீராவி வரை நிற்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் துளியாகிறது. (நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகம் என்று நாம் பார்ப்பது துளிகளை.)

மேகத்தின் அடிப்பகுதி எந்த உயரத்தில் இருக்கும் என்று நீங்களே கணக்கிடலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். மீட்டரில் விடை வரும். பனிநிலை என்பது காற்றைக் குளிரவைத்தால் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை. செல்போனில் ஈரப்பதம் மட்டும் காட்டினால், 100-இலிருந்து அதைக் கழித்து 5-ஆல் வகுத்தால் அந்த வித்தியாசம் தோராயமாகக் கிடைக்கும். ஈரப்பதம் 70 என்றால் வித்தியாசம் 6. மேகத்தின் அடி 750 மீட்டரில். ஈரப்பதம் 50-க்குக் கீழே போனால் இந்தக் குறுக்குவழி பொய்யாகிவிடும். மேகங்களின் அடி எல்லாம் அரிவாளால் சீவியதுபோல் ஒரே மட்டத்தில் இருப்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

துகளின் வேலையைப் பார்க்க 2 லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர் விட்டு, மூடிக் குலுக்கி, அமுக்கி விடுங்கள். ஒன்றும் தெரியாது. இப்போது அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு, இறுக மூடி, ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். விட்ட கணம் உள்ளே வெள்ளையாகும். மறுபடி அழுத்தினால் மறையும். கொதிநீர் ஊற்றினால் சுவரில் ஆவி படிந்து எதுவும் தெரியாது. மூடி லேசாகக் கசிந்தாலும் வராது.

கார்த்திகையில் இதே விடியல் வரிசை ஊருக்குள் வந்து கொட்டிவிட்டுப் போகும், தையில் கொட்டாது. தையில் மேலே இரண்டு கிலோமீட்டர் அளவில் வறண்ட காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும், மேகத் தலை அதில் முட்டி நிற்கும். ஒரு மழைத்துளிக்குப் பத்து லட்சம் மேகத்துளி சேர வேண்டும். குட்டை மேகத்தில் அதற்கு இடமும் நேரமும் இல்லை. கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு: அகலத்தைவிட உயரம் கூடி, தலை காலிஃபிளவர்போல் பொங்கினால் பாயைச் சுருட்டுங்கள். தட்டையாக நின்றால் பயமில்லை.

கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கும் மேகத்துக்கும் தமிழில் கொண்டல் என்று ஒரே பெயர். இந்தக் கரையில் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

வரிசை கண்ணெதிரே நிற்க, சென்னை அல்லது ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படம் வெறுமையாக இருந்தால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். அந்த ரேடாருக்கு மழைத்துளிதான் கண்ணில் படும், தை மாத மேகத்தின் பொடித்துளி படாது.