தொழிற்கூடக் கேள்வி பதில்: 100 பாட்டில் 130 ஆவது எப்படி?

கேள்வி: எங்கள் குடிநீர் ஆலையில் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களை எண்ண, ரிஃப்ளெக்டர் வைத்த சென்சார் போட்டிருக்கிறோம். 100 பாட்டில் போனால் ஒரு நேரம் 130 காட்டுகிறது, ஒரு நேரம் 180. புது சென்சார் மாற்றியும் அப்படியேதான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி

பதில்: சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது. அதைப் பாட்டிலின் வயிற்றைப் பார்க்க வைத்ததுதான் கோளாறு.

சென்சார் விடும் ஒளி எதிரே உள்ள ரிஃப்ளெக்டரில் பட்டு வந்த வழியே திரும்பும். திரும்பாவிட்டால் ‘பொருள் வந்தது’ என்று கணக்கு. தண்ணீர் நிரம்பிய பாட்டிலோ ஒரு லென்ஸ். அதன் ஓரத்தில் படும் ஒளி வளைந்து எங்கோ போய்விடும். நட்டநடுவில் படுவது ஊடுருவிப் போய்த் திரும்பிவிடும். ஆக, முன் ஓரத்துக்கு ஒன்று, பின் ஓரத்துக்கு ஒன்று என ஒரே பாட்டில் இரண்டாகிறது. விலகி விலகி வந்தால் 100 பாட்டிலுக்கு 200 விழும். எல்லாம் ஒட்டி வந்தால் ஒன்றின் பின் ஓரமும் அடுத்ததின் முன் ஓரமும் சேர்ந்துகொள்ளும், 101தான் விழும். உங்கள் பெல்ட்டில் இரண்டும் கலந்து வருகிறது, அதனால்தான் எண் நிலையாக இல்லை.

சென்சாரையும் ரிஃப்ளெக்டரையும் மூடியின் உயரத்துக்குத் தூக்குங்கள். மூடி ஒளியை விடாது. பாட்டில்கள் ஒட்டி நின்றாலும் மூடிகளுக்கு நடுவே 40 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கும். ஆனால் மூடி சிறியது. பெரிய ரிஃப்ளெக்டராக இருந்தால் மூடியைச் சுற்றிக்கொண்டு ஒளி திரும்பிவிடும். ரிஃப்ளெக்டரில் சுமார் 15 மி.மீ. சதுரம் மட்டும் விட்டு, மற்ற இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பிறகு இரண்டு பாட்டிலை ஒட்டி வைத்துக் கையால் நகர்த்திப் பாருங்கள்: மூடிக்கு ஒருமுறை மட்டும் சென்சாரில் உள்ள சின்ன விளக்கு மாற வேண்டும்.

பெல்ட் நிமிடத்துக்கு 12 மீட்டர் ஓடினால் 30 மி.மீ. மூடி ஒளியை 150 மில்லிசெகண்ட் மறைக்கும். சென்சார் தரும் சைகையை எண்ணும் பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி) எதுவானாலும் இது தாராளம். சிலர் சென்சாரைத் தொடாமல் புரோகிராமில் டைமர் போட்டு ஒரே பாட்டிலுக்கு வரும் இரண்டாவது சைகையை விழுங்க வைப்பார்கள். பெல்ட் வேகத்தை மாற்றிய அன்றே அது காலை வாரிவிடும்.

கடல்காற்றில் லென்ஸ் மேல் உப்புப் படியும், கூடவே தண்ணீர்த் தெறிப்பும். வாரம் ஒருமுறை சோப்புநீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸில் விரிசல் விழும்.

கேள்வி: 30 செ.மீ. தூரம் பார்க்கும் என்று வாங்கிய சென்சார் வெள்ளை அட்டைப்பெட்டியைப் பிடிக்கிறது, கறுப்புப் பையை விட்டுவிடுகிறது. ரிஃப்ளெக்டர் கிடையாது. பழுதா?
- ஒரு வாசகர், கடலூர் சிப்காட்

பதில்: பழுது இல்லை. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பிடிக்கும் வகை அது. 30 செ.மீ. என்பது வெள்ளைத் தாளுக்குச் சொன்ன தூரம். கறுப்பு அதில் சிறு பங்கைத்தான் திருப்பும். சென்சாரின் உணர்திறன் திருகைக் கூட்டினால் பின்னால் உள்ள தகட்டையும் பிடிக்கத் தொடங்கும். ஒளியின் அளவைப் பார்க்காமல் அது திரும்பும் கோணத்தை வைத்துத் தூரம் அறியும், பின்புலத்தை ஒதுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.